கம்பைலர் எழுதினால் டாக்டர் பட்டமா?

ஒருத்தர் நாலைந்து வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு கம்பைலர் எழுதுகிறார். ‘இது வேலைதானே, ஆராய்ச்சி எங்கே? இதுக்கெல்லாமா டாக்டர் பட்டம்?’ என்று கேட்கிற பேராசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை.

கம்பைலர் ஒரு மொழிபெயர்ப்பாளர். நீங்கள் எழுதும் புரோகிராமை கம்ப்யூட்டருக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றித் தரும். (பி.காம். படித்தவனுக்கு இதெல்லாம் எதுக்கு என்கிறீர்களா? வரவு எது, செலவு எது என்று பிரிக்கத் தெரிந்தால் போதும், வாருங்கள்.)

1950-களில் பலருக்கும் ஒரு சந்தேகம். கைதேர்ந்த ஆள் உட்கார்ந்து எழுதுகிற வேகமான கட்டளைகளை ஒரு இயந்திரம் எழுதிவிடுமா? சான்ஸே இல்லை என்றார்கள். காகிதத்தில் வாதாடித் தீருகிற வழக்கா இது? ஐ.பி.எம்.மில் ஜான் பாக்கஸும் சகாக்களும் ஃபோர்ட்ரான் கம்பைலரைக் கட்டி 1957-ல் வெளியே விட்டார்கள். அப்புறம்தான் பேச்சு அடங்கியது. ரசாயனக்காரர் சோதனைக் குழாயைக் குலுக்கினால் ஆராய்ச்சி, இவர்கள் செய்தால் கொத்தனார் வேலையா? (கொத்தனார் வேலை மட்டம் என்று யார் சொன்னது என்பது வேறு சண்டை.)

அதற்கும் முன்பே, 1951-ல், சூரிச்சின் ஈ.டி.ஹெச்.சில் கொராடோ போம் கொடுத்த முனைவர் ஆய்வேட்டில் ஒரு மொழி, அதற்கு ஒரு கம்பைலர், அந்தக் கம்பைலரும் அதே மொழியில்! தன் தோளில் தானே ஏறி நிற்கிற வித்தை. பட்டம் கொடுத்தார்கள்.

அதற்காக எல்லாக் கம்பைலருக்கும் பட்டமா? கிடையாது. அட்டையில் டிராகன் போட்ட பாடப் புத்தகம் 1986-லேயே வந்தாச்சு. அதைப் பார்த்து எழுதியதைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் கொண்டுவந்தால் உழைப்பு பத்து மடங்கு, புதுசு, பூஜ்யம். ‘இது வருவதற்கு முன்னால் நமக்கு என்ன தெரியாது?’ என்று தேர்வாளர் கேட்கட்டும். எத்தனை வரி எழுதினாய் என்பது கூலிக் கணக்கு.

உடனே கிறிஸ் லாட்னரை இழுப்பீர்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அவர் உருவாக்கிய எல்.எல்.வி.எம். வழியாகத்தான் இன்று ஐபோன் ஆப்கள் தயாராகின்றன. அதற்கு 2002-ல் கிடைத்தது வெறும் மாஸ்டர்ஸ். 2005-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது வேறொன்றுக்கு: ஒரு புரோகிராம் மெமரியில் கட்டுகிற டேட்டா அமைப்புகளை முழுசாக அலசி, ஒழுங்காக அடுக்கி, வேகப்படுத்துகிற முறை. பார்த்தீர்களா, கம்பைலருக்கு இல்லை, ஐடியாவுக்குத்தான் என்பீர்கள்.

சரி. அந்த ஐடியா ஓடுகிறது என்று எதில் போட்டுக் காட்டினார்? அதே எல்.எல்.வி.எம்.மில்தான் சார்! அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டு மிச்சத்துக்குப் பட்டம் கொடுத்திருப்பீர்களா?