பிள்ளைகள் குடியிருக்கும் வீடு: மணமுறிவு வழக்குகளில் எங்கள் நிலைப்பாடு

மணமுறிவின்போது குடியிருக்கும் வீட்டை என்ன செய்வது என்ற கேள்விக்கு எங்கள் அமைப்பின் பதில் இது: பிள்ளைகள் யாரிடம் வளர்கிறார்களோ அவர், கடைசிப் பிள்ளைக்கு 18 வயது நிறையும்வரை அந்த வீட்டிலேயே இருக்கட்டும். அது தாயாகவும் இருக்கலாம், தந்தையாகவும் இருக்கலாம். விற்பனையும் பங்கும் பிறகு. வெளியேறியவரின் பங்கு இதனால் குறையக் கூடாது. பங்கு பிரிக்கும் நாளின் சந்தை விலைக்கே கணக்குப் பார்த்துத் தர வேண்டும்.

இப்போதைய சட்டம் இதற்கு வழி சொல்லவில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, திருமணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாகத் தரப்பட்ட பொருள்களைப் பற்றித்தான் பேசுகிறது. பீரோவும் கட்டிலும் அதில் வரும். பத்து வருடம் கழித்துக் கடன் வாங்கிக் கட்டிய வீடு வராது. அது பத்திரத்தில் பெயர் உள்ளவருக்கே. மனைவிக்குக் கணவரின் அசையாச் சொத்தில் பங்கு தர முயன்ற திருமணச் சட்டத் திருத்த மசோதா 2013இல் மாநிலங்களவையில் நிறைவேறியது; மக்களவை கலைந்ததும் காலாவதியானது.

நீதிமன்றங்கள் ஓரளவு முன்னே போயிருக்கின்றன. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், மாமனார் பெயரில் உள்ள வீட்டிலும் மருமகள் வசிக்கும் உரிமையைக் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் கூறியது. கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் இல்லத்தரசியின் உழைப்புக்கும் சம பங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்தது. இரண்டையும் வரவேற்கிறோம். ஆனால் முதலாவது, வசிக்கும் உரிமையோடு நின்றுவிடுகிறது. இரண்டாவது, தனியாக சிவில் வழக்குப் போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கத் தெம்புள்ளவருக்கே பயன்படும். பிள்ளைகள் எங்கே தூங்கப்போகிறார்கள் என்பது இரண்டிலுமே மையக் கேள்வி இல்லை.

எங்களிடம் வருகிறவர்கள் கொண்டுவரும் சமரச ஒப்பந்தங்களில் பார்வை நாள், ஜீவனாம்சத் தொகை, நகைப் பட்டியல் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். வீட்டுக் கடனுக்கு மட்டும் ஒரே வரி: ‘தவணையைக் கணவர் கட்டுவார்.’ வங்கிக்கு அந்த வரி பொருட்டே இல்லை. இருவரும் கையெழுத்திட்ட கடன் இருவரிடமிருந்துமே வசூலாகும். குடும்ப நீதிமன்றத் தீர்ப்பு வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் தவணையை நிறுத்தினால் 60 நாள் கெடுவுடன் நோட்டீஸ் வரும். அப்புறமும் கட்டாவிட்டால் சுவாதீன அறிவிப்பைக் கதவிலேயே ஒட்டிவிட்டுப் போவார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைதான் பெரும்பாலும் அதை முதலில் படிக்கிறது.

ஆகவே, கடன் உள்ள வீடு என்றால் மனுவில் கையெழுத்திடுவதற்கு முன்பே வங்கியிடம் பேசுங்கள் என்கிறோம். கடனை ஒருவர் பெயருக்கு மாற்ற முடியுமா, அவருடைய சம்பளத்துக்கு வங்கி ஒப்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பங்கை விட்டுக்கொடுப்பதென்றால் அதற்கான பத்திரத்தை எப்போது பதிவது என்றும் வழக்கறிஞரிடம் கேளுங்கள். கணவன் மனைவிக்குள் எழுதும் பத்திரத்துக்குக் கிடைக்கும் முத்திரைத்தாள் சலுகை, உறவு முறிந்தபின் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

வெளியேறுபவர் வாடகையும் கட்டி, தவணையும் கட்டி, முடங்கிய பங்கையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அவர் கட்டும் தவணை, பராமரிப்புத் தொகையை முடிவு செய்யும்போதும் பங்கைப் பிரிக்கும்போதும் கணக்கில் வர வேண்டும். இருவர் வருமானத்தையும் சேர்த்தாலும் தாங்காத கடன் என்றால் விற்கத்தான் வேண்டும். அப்போதும் கல்வியாண்டின் நடுவில் வேண்டாம்; வரும் பணத்தில் பிள்ளைகளின் வாடகை வீட்டு முன்பணத்தை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பிரியுங்கள். அடிதடி நடந்த வீட்டில் இந்தப் பேரத்துக்கே இடமில்லை. அடித்தவர்தான் வெளியேற வேண்டும்.

டெல்லி செய்யட்டும் என்று தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. திருமணமும் மணமுறிவும் பொதுப்பட்டியலில் உள்ளவை. பெண்ணுக்குப் பூர்விகச் சொத்தில் சம உரிமை தரும் திருத்தத்தை 1989இல் இங்கே கொண்டுவந்தோம். மத்திய அரசு 2005இல்தான் வந்து சேர்ந்தது. அதே வழியில், பிள்ளைகளின் பொறுப்பை முடிவுசெய்யும் உத்தரவிலேயே அவர்கள் குடியிருக்கும் வீட்டையும் குடும்ப நீதிமன்றம் தீர்மானிக்க வகைசெய்யும் மாநிலத் திருத்தத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும் என்று கோருகிறோம்.