கோவளம் பிடித்த சிப்பாய்கள்

1752-ம் வருஷம் கிளைவ் கோவளத்தையும் செங்கற்பட்டையும் பிடித்தான் என்று சரித்திர நூல்கள் கூறும். தனியொருவன் கோட்டை பிடித்ததுண்டோ? அவனுடன் சென்ற ஐரோப்பியர் சுமார் 200 பேர்; புதிதாகத் திரட்டிய நம் நாட்டுச் சிப்பாய்களோ 500 பேர்.

ஆர்க்காட்டு நவாப் பட்டத்திற்காக முகம்மது அலி கட்சியும் சந்தா சாகிபு கட்சியும் நடத்திய உள்நாட்டு யுத்தம் அது. முன்னதற்கு ஆங்கிலக் கும்பினியும் பின்னதற்குப் பிரெஞ்சுக் கும்பினியும் துணை நின்றன. மாமல்லபுரத்திற்கு வடக்கேயுள்ள கோவளத்தில் அப்புதுப்படை முதற் குண்டுக்கே சிதறியோடிற்று. ஆயினும் விரைவிலேயே அதே படை கோவளத்தைப் பணியவைத்தது. அதற்கு உதவிக்கு வந்த சேனையை வழிமறித்து முறியடித்தது. செங்கற்பட்டுக் கோட்டையையும் கைக்கொண்டது.

பயன் யாருக்கு? முகம்மது அலி 1763-ல் செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராக விட்டார். சிப்பாய் பெற்றது சம்பளம். கும்பினி பெற்றது மண்.

அச்சிப்பாய்களைத் துரோகிகள் என்று தூற்ற நாம் ஒருப்படோம். நாட்டைப் பணயம் வைத்தவர்கள் பட்டத்திற்குப் போட்டியிட்ட பிரபுக்களே. கும்பினியின் சென்னைப் படைச் சிப்பாய்களே 1806 ஜூலை 10-ந் தேதி வேலூரில் அதனை எதிர்த்து எழுந்தனர். ஆகவே நம்மவரிடம் குறைந்தது வீரமன்று, ஒற்றுமையே. உட்பகை தீர்க்க அந்நியனை அழைப்பவன் வீட்டையே கூலியாகக் கொடுக்க நேரும். கட்சிப் பூசலில் முனைந்து நிற்போர் இதனை மறவாதிருப்பார்களாக!