முன்னூறு டாலர் மட்டை

2012 கோடையில் டெக்சாஸில் மச்சினன் வீட்டில் ஒரு மாதம் டேரா போட்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை அவன் ஆபீஸ் டீமுக்கு சாஃப்ட்பால் மேட்ச். "அத்தான், வந்து பாருங்க. பேட் முன்னூறு டாலர். இன்னிக்கு பந்து பக்கத்து ஊர்லதான் விழும்!" என்றான்.

அன்றைய கணக்கில் ஏறக்குறைய பதினாறாயிரம் ரூபாய். நம் ஊரில் அந்தக் காசுக்கு ஒரு டீமுக்கே பேட் வாங்கலாம் என்று மனசுக்குள் பெருக்கிப் பார்த்ததை அவனிடம் சொல்லவில்லை. சாப்பாடு அவன் வீட்டில் ஆயிற்றே.

அம்பயர் அந்த பேட்டை வாங்கி, அடகுக் கடைக்காரர் செயினைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செல்லாது" என்றார்.

"போன வாரம் வேற லீக்ல இதே பேட்லதானே ஆடினேன்?"

"அது அங்கே. இது இங்கே."

எனக்குச் சிரிப்பு வந்தது. சின்ன வயசில் எங்கள் தெருவில் காம்பவுண்டு சுவரைத் தாண்டினால் அவுட். அடுத்த தெருவில் அதுவே சிக்ஸர். அமெரிக்காவிலும் அதே கதைதான்.

விசாரித்தேன். அவன் பேட்டில் இருந்தது யு.எஸ்.எஸ்.எஸ்.ஏ. என்ற சங்கத்தின் முத்திரை. பந்து கெட்டியான சுவரில் பட்டு எகிறுவதைவிட பேட்டில் பட்டு எவ்வளவு கூடுதலாக எகிறுகிறது என்பது அவர்கள் கணக்கு. உச்சவரம்பு 1.20. அன்றைய மேட்ச் ஏ.எஸ்.ஏ. விதிப்படி நடந்தது. (2017-ல் பெயரை யு.எஸ்.ஏ. சாஃப்ட்பால் என்று மாற்றிக்கொண்டார்கள்.) பேட்டை விட்டுக் கிளம்பும் பந்து மணிக்கு 98 மைலைத் தாண்டக்கூடாது என்பது இவர்கள் கணக்கு. அவர் ஸ்பிரிங்கை அளக்கிறார், இவர் வேகத்தை. ஒன்றில் பாஸானது இன்னொன்றில் ஃபெயிலாகலாம். இரண்டு முத்திரையும் உள்ள பேட்டுகளும் உண்டு. சீனியர்கள் ஆட்டத்தில் 1.21 வரை அனுமதி. தாத்தாக்களுக்குச் சலுகை!

கிரிக்கெட்டிலும் இந்தத் தகராறு நடந்தது. 1979-ல் பெர்த்தில் டென்னிஸ் லில்லி அலுமினிய பேட்டோடு வந்து கலாட்டா ஆனது. அதற்குப் பிறகுதான் மட்டை மரத்தில்தான் இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டார்கள்.

'ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு கெடுபிடியா?' என்றுதான் எனக்கும் தோன்றியது, ஆறாவது இன்னிங்ஸ் வரை.

மச்சினன் நண்பனிடம் முத்திரை சரியாக இருந்த பேட்டை இரவல் வாங்கி ஒரு போடு போட்டான். பந்து நேரே பிட்சரின் காதை உரசிக்கொண்டு போனது. பிட்சர் நிற்பது ஐம்பதடி தூரத்தில். 98 மைல் வேகத்துக்கு அந்தத் தூரம் ஒரு நொடியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். எதிர் பெஞ்சில் அந்த மனிதரின் சின்னப் பெண் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மச்சினன் ஓடவில்லை. அப்படியே நின்றுவிட்டான். அவுட்.

திரும்பும்போது காரில் மெதுவாகக் கேட்டான்: "என் பேட்டா இருந்திருந்தா, அத்தான்?"

நான் ரேடியோவைத் திருகினேன்.

அமெரிக்கா போய் பேட் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கடைக்காரரைக் கேட்காதீர்கள், ஆடப்போகும் லீக்கைக் கேளுங்கள். எந்த முத்திரை, தடை செய்த பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பர்ஸைத் திறங்கள்.

அந்த முன்னூறு டாலர் பேட்டால் மச்சினன் மனைவி கார்ப்பெட்டில் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு எந்தச் சங்கத்தின் முத்திரையும் வேண்டாமாம்.