கிரீஸும் கௌரவமும்

போன மாதம் வடுகபட்டியிலிருந்து ஒரு நண்பர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணே, நீங்க ஒரு நடை வந்து பையனுக்குப் புத்தி சொல்லணும். நீங்க எழுதுறதையெல்லாம் படிக்கிறான். நான் சொன்னாத்தான் கேக்க மாட்டேங்கிறான்" என்றார். காதல் விவகாரமாயிருக்கும் என்று நினைத்தேன். ஒரு நாவலாசிரியனைப் பிறர் வீட்டுக்குப் புத்தி சொல்ல அழைப்பது அநேகமாக அதற்காகத்தான். ஆனால் நண்பர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கொல்லையில பழைய காரைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு மெக்கானிக் மாதிரி கிடக்கிறாண்ணே" என்றார். பையன் குடிக்கிறான் என்று சொல்ல நேர்ந்திருந்தாலும் அவர் குரல் அவ்வளவு தாழ்ந்திருக்காது.

போனேன். பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டியில் கண்ணைக் கட்டி இறக்கிவிட்டாலும் இன்ன ஊர் என்று மூக்கு சொல்லிவிடும். கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கங்களில் விளைந்து, 2019-ல் புவிசார் குறியீடும் பெற்ற மலைப்பூண்டு இறங்கி வந்து விலையாகும் சந்தை அது. மூட்டை தூக்குகிறவர் கையிலும், தரம் பிரிக்கிற பெண்கள் கையிலும், விலை பேசுகிற வியாபாரி கையிலும் அங்கே ஒரே வாசனைதான். என் நண்பர் பூண்டு வியாபாரி. அவருடைய தகப்பனார் அதே சந்தையில் மூட்டை சுமந்தவர். அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்ளும் மனிதர், மகன் கையில் கிரீஸைக் கண்டதும் கூனிக் குறுகுகிறாரே, இது என்ன நியாயம் என்று யோசித்துக்கொண்டே கொல்லைப்புறம் போனேன்.

தகரக் கொட்டகையில், நான்கு இரும்புத் தாங்கிகளின் மேல் ஓர் அம்பாசடர் நின்றது. மந்திரிகளையும் மாப்பிள்ளைகளையும் சுமந்து, 2014-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. காயலான் கடைக்குப் போக இருந்ததைப் பையன் வாங்கியிருக்கிறான். உள்ளே ஓட்டுகிறவன் ஆசனம் ஒன்றைத் தவிர வேறொன்றுமில்லை. வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தவன், "வாங்க சார்" என்று கை கூப்பப் போய், கையைப் பார்த்துவிட்டுக் கூச்சத்தோடு பின்னால் மறைத்துக்கொண்டான். அந்தக் கூச்சத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

"இதை வைத்து என்னப்பா செய்யப் போகிறாய்?" என்றேன்.

"டிரிஃப்ட் கார் சார்" என்றான்.

வாசகர்களில் பலர் இந்தச் சொல்லைச் சினிமாவில் கேட்டிருப்பீர்கள். வளைவில் வண்டியின் பின்புறத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, ஸ்டீரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, ஆக்ஸிலரேட்டரை அளந்து மிதித்து, வண்டி பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே வளைவைக் கடக்கும்படி செய்கிற வித்தை இது. 1970-களில் ஜப்பானியப் பந்தய வீரர் குனிமிட்சு தகஹாஷி களத்தில் கையாண்டார். பின்னால் கெய்ச்சி சுசியா என்பவர் இதைப் பிரபலமாக்கினார். இதில் முதலில் வந்து சேருகிறவனுக்குப் பரிசில்லை. சறுக்கும் கோணம், தடம், வேகம் ஆகியவற்றைப் பார்த்து நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். தாளம் தப்பாமல் ஆடுகிறவளுக்குக் கைதட்டுகிறோமே, அதற்கு ஒப்பான விஷயம்.

அம்பாசடர் எதற்கு என்று கேட்டேன். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றை முன்சக்கரங்கள் இழுக்கின்றனவாம். அம்பாசடரைப் பின்சக்கரங்கள் தள்ளுகின்றனவாம். தள்ளுகிற சக்கரம் பின்னால் இருந்தால்தான் இந்த ஆட்டம் வசப்படுமாம். பிறகு டிஃபரன்ஷியலைக் காட்டினான். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கத்துச் சக்கரம் அதிக தூரமும் உள்பக்கத்துச் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டியிருக்கிறது. அதற்கு விட்டுக்கொடுப்பது அந்தப் பல்சக்கரக் கூட்டம். ஆனால் சறுக்கலில் பிடி தளர்ந்த சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றும். மற்றது சும்மா நிற்கும். ஆகவே உள்ளேயிருக்கும் சின்னப் பல்சக்கரங்களை வெல்டிங் வைத்து ஒன்றாக்கியிருக்கிறான். இனி இரண்டும் சேர்ந்துதான் சுற்றும். "தார் ரோட்டுக்கு இது ஆகாது சார். டயரைத் தின்னுரும், ஆக்ஸில் முறுக்கிக்கும். மண் தரையிலதான் ஓட்டணும்" என்றான். இரண்டு தடவை வெல்டிங் விரிசல் விட்டதாம். இரண்டு தடவையும் முழுதாகப் பிரித்து மறுபடி கோத்தானாம். "மூணாந்தடவைதான் சார் நின்னுச்சு" என்று அவன் சொன்னபோது, பத்து தடவை கிழித்துப்போட்டு எழுதிய என் அத்தியாயங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

இந்தப் பையன் நான்கு வருஷம் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவன். அங்கே ஆய்வகத்தில் ஓர் எஞ்சினைப் பாதியாக அறுத்து, சிவப்பும் நீலமுமாய் வர்ணம் பூசி, 'தொடாதீர்கள்' என்று எழுதி வைத்திருந்தார்களாம். தொடாமலே படித்தான், தொடாமலே தேறினான், தொடாமலே பட்டம் வாங்கினான். தொட்டுப் பார்த்தது போடிநாயக்கனூரில், ஒரு ஜீப் மெக்கானிக்கின் பட்டறையில். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட அந்த மனிதரை அவன் 'அண்ணன்' என்று சொல்லும்போது, தன் பேராசிரியர்களில் ஒருவருக்கும் கொடுக்காத மரியாதை அவன் குரலில் இருந்தது.

நண்பரின் கட்சியையும் கேட்டேன். "நாலு லட்சம் செலவழிச்சு இஞ்சினீயருக்குப் படிக்க வச்சது வண்டிக்கு அடியில படுக்கவாண்ணே? நாளைக்குப் பொண்ணு குடுக்குறவன் என்ன நினைப்பான்?" என்றார். ஐயா, இதுதான் நோய். இது என் நண்பர் ஒருவருடைய நோயல்ல; இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருடைய நோய்; உண்மையைச் சொன்னால் என்னுடையதும். நம் வீட்டுக் குழாய் ஒழுகினால் அதைத் திருக நமக்குத் தெரியாது. தெரியாது என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்கிறோம். எழுதத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவன், ஸ்பானர் பிடிக்கத் தெரியாது என்று சொல்ல ஏன் வெட்கப்படுவதில்லை? கையால் செய்கிற வேலை இன்னாருக்குரியது என்று ஒரு காலத்தில் சாதி சொன்னது. அதைச் சம்பளமும் அந்தஸ்தும் சொல்லுவதாக இன்று நாம் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம், எழுத்துதான் மாறியிருக்கிறது. வருஷத்துக்கு ஒரு நாள் ஆயுத பூஜை வந்தால் ஸ்பானருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறோம். மற்ற 364 நாளும் அதைத் தொட்டவன் நம் வீட்டுத் திண்ணையில் உட்காரக் கூடாது!

ஜி. டி. நாயுடுவைப் பற்றி மேடைக்கு மேடை புகழ்கிறோம். 1893-ல் பிறந்த அந்த மனிதர் என்ன செய்தார்? ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு வெள்ளைக்காரருடைய மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகப் பிரித்துப்போட்டு மறுபடி பூட்டினார். பின்னால் 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். 1945-ல் கோயம்புத்தூரில் ஒரு தொழிற்கல்லூரி உருவாகக் காரணமாயிருந்து, நான்கு வருஷப் படிப்பு பிள்ளைகளின் காலத்தை வீணாக்குவது என்று வாதாடினார். அதே கோயம்புத்தூரில் கரிவர்தன் என்பவர், மாருதி காரின் எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் பந்தயக் கார்கள் கட்டினார். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் ஏற்படுத்திய அந்த ஃபார்முலா மாருதி வண்டியில் பந்தயத்தைத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். இவர்கள் பெரியவர்களான பிறகு மாலை போடுகிறோம். இவர்கள் கொல்லையில் கரி பூசிக்கொண்டு கிடந்தபோது நம் வீட்டுப் பிள்ளைகளாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்?

இனி மறுபக்கத்துக்கு வருகிறேன். நான் பையனுக்கு வக்கீலாகப் போகவில்லை. "இதைச் சாலையில் ஓட்டியிருக்கிறாயா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். ஒரு நாள் இரவு, ஒன்றரை மணிக்கு, புறவழிச் சாலையில். எனக்கு வந்த கோபத்தில் அவனைக் கடுமையாகவே பேசிவிட்டேன். இருட்டில் விளக்கில்லாத சைக்கிளில் ஒரு தோட்டக்காரன் வந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. இருக்கவும் முடியாது.

அதைவிட அதிர்ச்சியான விஷயம் பிறகுதான் தெரிந்தது. முன்சக்கரங்கள் இன்னும் அதிகமாக வளைய வேண்டுமென்று ஸ்டீரிங் கைகளை அறுத்துத் தானே ஒட்ட வைத்திருக்கிறான். டிஃபரன்ஷியலில் வெல்டிங் விட்டால் வண்டி நிற்கும். இதில் விட்டால் வண்டியைத் திருப்பவே முடியாது. இதை அந்தப் போடி அண்ணன் பார்த்தாரா என்று கேட்டேன். இல்லை. ஏன்? "அந்த மெக்கானிக்கெல்லாம் நம்ம வீட்டுக்கு வரக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு சார்."

நண்பர் பக்கத்தில்தான் நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். இந்த ஜில்லாவில் அந்த வெல்டிங்கைப் பார்த்தவுடனே 'கழற்றிப் போடடா' என்று சொல்லக்கூடிய கண் அந்த மனிதருடையது. அந்தக் கண்ணை வாசலுக்கு வெளியே நிறுத்தியது எது? பையனைப் பகலில் ஒளியவைத்து, இரவு ஒன்றரை மணிக்குச் சாலைக்கு அனுப்பியது எது? கௌரவம்தான். பிள்ளையின் உயிர்மேல் உள்ள அக்கறை என்று நாம் பேர் வைத்துக்கொண்டிருக்கிறோமே, அந்தக் கௌரவம்.

நண்பர் கடைசியில் சட்டத்தைத் துணைக்கு அழைத்தார். சட்டம் இருக்கிறது, நானும் படித்திருக்கிறேன். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தின்படி, விதிக்கு மாறாக வண்டியை மாற்றும் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சாலையில் ஓடுகிற வண்டிக்கு இது அவசியம். நான் இரு கை தூக்கி ஆதரிக்கிறேன். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் சட்டத்தின் பேரைச் சொல்லுகிறவர்களை ஒன்று கேட்கிறேன். விடியுமுன்னே கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத் தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறுகிற ஜீப்புகளைப் பார்த்ததில்லையா? கணக்குக்கு மேல் ஆட்களை அடைத்துக்கொண்டு போடிமெட்டின் 17 கொண்டையூசி வளைவுகளில் அவை ஏறி இறங்குவதும், சில சமயம் கவிழ்வதும் உங்களுக்குத் தெரியாதா? அப்போதெல்லாம் உங்கள் சட்ட ஞானம் எங்கே உறங்கிற்று? கூலிக்காரிகள் உயிர் சம்பந்தப்பட்டபோது வாயைத் திறக்காதவர்கள், ஒரு பையனின் கை அழுக்கானதும் பிரிவு எண் சொல்லிப் பேசுவதை நான் நம்பத் தயாரில்லை.

என்னதான் செய்யச் சொல்கிறீர் என்பீர்கள். சென்னைப் பட்டணத்துக் கார்ப் பிரியர்கள் 1953-ல் ஒரு சங்கம் வைத்தார்கள். யுத்த காலத்து விமானத் தளமாயிருந்த சோழவரத்தில் அவர்கள் நடத்திய பந்தயங்களைப் பார்க்க ஜனங்கள் திரண்டார்கள். ஸ்ரீபெரும்புதூரிலும் கோயம்புத்தூரிலும் பிற்பாடு நிரந்தரக் களங்கள் வந்தன. களம் என்றால் விதி உண்டு. வண்டி இறங்குமுன் ஒவ்வோர் உறுப்பையும் சோதிக்க ஆள் உண்டு. தலைக்கவசம், தீயணைப்பான், ஆம்புலன்ஸ் உண்டு. தேனிப் பக்கத்துப் பையனுக்கு என்ன உண்டு? புறவழிச் சாலையும் இருட்டும். பந்தயத் திடல் கட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. இந்த ஜில்லாவின் தொழிற்கல்லூரிகளில் ஒன்று, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் மண் மைதானத்தை வேலி கட்டி, முறைப்படி அனுமதி வாங்கித் திறந்துவிடட்டும். வாசலில் ஒரு நாற்காலி போட்டு, போடியிலிருந்தோ கம்பத்திலிருந்தோ ஒரு கிழட்டு ஜீப் மெக்கானிக்கை உட்கார வைக்கட்டும். அவர் குனிந்து பார்த்துச் சரி என்று சொல்லாத வண்டி உள்ளே போகக் கூடாது. வண்டிகள் லாரியில் ஏறி வந்து லாரியில் ஏறிப் போகட்டும். பட்டதாரிகள் அந்த நாற்காலிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை அவர்களுடைய தகப்பனார்களும் வந்து பார்க்கட்டும். நான்கு வருஷப் படிப்பு கொடுக்காத எதையோ அன்று ஒரு நாள் கொடுக்கும்.

பையனிடம் நான் இரண்டு வாக்குறுதி வாங்கினேன்: வண்டி இனிச் சாலையை மிதிக்காது, அந்த ஸ்டீரிங் கைகள் அன்றே கழற்றப்படும். என் முன்னாலேயே கழற்றினான்.

தகப்பனாரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். அவர் சிரித்து மழுப்பி, "ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோட வந்துருங்கண்ணே, அப்பப் பேசிக்குவோம்" என்றார். வருகிறேன், ஆனால் அந்தப் போடி மெக்கானிக்கையும் அழைக்க வேண்டும். அவர் கொல்லை வழியாக அல்ல, வாசல் வழியாக வர வேண்டும். நம்மோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றேன்.

நண்பரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. நான் காத்திருக்கிறேன்.