கொள்ளையரும் துவக்கும்

2022 மே 9ஆந் திகதி கொழும்பிலே அமைதியாக அறப்போர் நடத்தியவர்கள் தாக்கப்பட்டதும், அதன் விளைவாக ஆளுங்கட்சியினரின் இல்லங்கள் பல ஊர்களிலே தீக்கிரையானதும், நிட்டம்புவையிலே பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் உயிரிழந்ததும், பிரதமர் பதவி துறந்த மகிந்த ராஜபக்ஷ மறுநாள் நமது திருமலைக் கடற்படைத் தளத்திலே அடைக்கலம் புகுந்ததும், தளத்தின் வாயிலிலே சனங்கள் திரண்டு கோஷமிட்டதும் இவ்வூரார் மறக்கக்கூடியவை அல்ல. அந்த மறுநாளிலேதான், பொதுச்சொத்தைக் கொள்ளையிடுவோரையும் பிறர் உயிருக்குத் தீங்கு விளைப்போரையும் கண்டதும் சுடும்படி பாதுகாப்பு அமைச்சு படையினருக்குக் கட்டளையிட்டது. அராஜகத்தை ஒடுக்குவது அரசின் கடமையே. ஆயினும் பொருளுக்கு வரும் நஷ்டத்தையும் பிராணனுக்கு வரும் ஆபத்தையும் ஒரே வரியில் நிறுத்தி, இரண்டுக்கும் மரணத்தையே விதித்த அக்கட்டளை தர்ம நியாயத்துக்கு ஒவ்வாதது என்பதே என் துணிபு.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை, கள்வர்முன் குடிமகனைக் கைகட்டி நிற்கச் சொல்லவில்லை. நள்ளிரவிலே கதவை உடைத்துக் கத்தியோடு பாய்பவனை, பிள்ளைகள் உறங்கும் பாயருகே நின்று வெட்டி வீழ்த்தும் தகப்பனை அது கொலைகாரன் என்று கூறாது. அதே கள்வன், வாடியிலிருந்த படகு மோட்டரைத் தோளிற் சுமந்துகொண்டு மணலிலே ஓடுகையில், அவன் முதுகைக் குறிவைத்துச் சுடுவதற்கோ அத்தகப்பனுக்கு உரிமையில்லை. ஏனெனில், வெறுங் களவுக்காக ஒருவனைக் கொல்ல அச்சட்டம் இடந்தரவில்லை. கடன்பட்டு வாங்கிய மோட்டரை இழந்தவனின் துயரம் சிறிதன்று. குடும்பத்தின் அடுப்பே அதனால் அணைந்துபோகலாம். எனினும், மோட்டரை மீட்கவும் ஈடுசெய்யவும் வழியுண்டு. இருட்டிலே ஆளறியாமற் சுட்ட உயிரை மீட்க வழியில்லை.

அச்சத்தால் நடுங்கும் ஏழை மீனவனிடம் இத்தனை நிதானத்தை எதிர்பார்க்கும் அரசு, பயிற்சியும் கவசமும் பெற்ற தன் படைக்கு அந்நிதானத்தை முன்கூட்டியே தள்ளுபடி செய்வது எவ்வாறு நியாயமாகும்? 1915ஆம் ஆண்டின் சிங்கள–முஸ்லிம் கலவரத்தை அடக்குவதாகப் புறப்பட்டவர்கள், இராணுவச் சட்டத்தின் நிழலிலே, விசாரணையின்றியே பலரைக் கொள்ளையரெனச் சுட்டுக் கொன்றதும், அவ்வநியாயத்தைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிரூபண சபையிலே அஞ்சாது கண்டித்ததும் இந்நாட்டுச் சரித்திரம். அங்கே கொள்ளையர் என்ற பெயரே தீர்ப்பாகிவிட்டது.

உயிருக்கு உடனடி ஆபத்து நேரும் க்ஷணத்தில், வேறு வழியின்றித் துவக்கைப் பிரயோகிக்கும் படைவீரனை யான் குறை கூறேன். அவ்வாறு நேர்ந்ததா என்பதை ஒவ்வொரு சூட்டுக்கும் தனித்தனியே நீதிமன்றம் ஆராய்ந்து கூறவேண்டும். சொத்தைக் காப்பதற்காகக் கண்டதும் சுடும்படி கட்டளையிடும் அதிகாரம் எந்த அமைச்சுக்கும் இல்லையென்பதைப் பாராளுமன்றம் ஐயந்திரிபறச் சட்டமாக்குவதே, இனியொரு குழப்பம் எழுமுன் நம் பிரதிநிதிகள் ஆற்றவேண்டிய கடமையாகும்.