அதிகாலை மூன்று மணிச் சர்க்கரை

"எந்திரிச்சதும் தலை பாரமா இருக்கு டாக்டர். ஒரு மணி நேரம் போனா தானா சரியாயிடுது." இரண்டாம் வகை நீரிழிவுக்கு மருந்து வாங்க வருபவர்கள் கடைசியில், கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டே, சொல்லிவிட்டுப் போகும் புகார் இது. அவர் கையில் இருக்கும் ஆய்வகச் சீட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 164, ஹெச்பிஏ1சி 8.1 என்று இருக்கிறது. வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். "சுகர் ஏறியிருக்கு, அதான்" என்று சொல்லி, ராத்திரி கிளிமெபிரைடை 1 மில்லிகிராமிலிருந்து 2 ஆக்குகிறோம். மிக்ஸ்டார்ட் போடுபவராக இருந்தால் இரவு ஊசியில் நான்கு யூனிட் கூட்டுகிறோம். கூடவே பத்து பாராசிட்டமால்.

164 என்பது தலையை வலிக்கவைக்கும் அளவல்ல. சர்க்கரை 300ஐத் தாண்டி, இரவெல்லாம் சிறுநீர் போய், உடம்பு வறண்டு எழுபவருக்குத் தலை கனக்கலாம். அவர் கதை வேறு. தலைவலியும் 164உம் ஒரே காலையில் சேர்ந்து வருவதால் ஒன்று மற்றதன் காரணம் என்று ஆகிவிடாது. இரண்டுக்கும் பொதுவான மூன்றாவது காரணம் ஒன்று இருக்கலாம். அதைத் தேடாமல் இரவு மருந்தைக் கூட்டுவதைத்தான் இந்த இதழில் கேள்வி கேட்க விரும்புகிறோம்.

முதலில் அந்த 164ஐப் பார்ப்போம். காலை ஏழு மணி ரத்தம் ஏழு மணியைப் பற்றித்தான் பேசும். அதிலிருந்து இரவை ஊகிக்கும் பழக்கம் நமக்கு மைக்கேல் சோமோஜியிடமிருந்து வந்தது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பணியாற்றிய உயிர்வேதியியலாளர் அவர். இரவில் இன்சுலின் மிகுந்து சர்க்கரை தாழ்ந்தால், உடல் எதிர்வினையாற்றி அதைக் காலைக்குள் உயர்த்திவிடும் என்று 1938இல் எழுதினார். கருத்து அழகானது, பாடப்புத்தகத்துக்கு ஏற்றது, தேர்வில் கேட்பதற்கும் வசதியானது. ஆனால் 1980களிலிருந்து செய்த ஆய்வுகளும், பின்னர் தொடர் கண்காணிப்புக் கருவிகளை வைத்துச் செய்தவையும், பெரும்பாலும் இதற்கு மாறாகவே சொல்கின்றன: இரவில் தாழ்ந்தவர்களின் காலைச் சர்க்கரை பொதுவாகக் குறைவாகவே இருக்கிறது. காலையில் ஏறி நிற்பதற்கு வழக்கமான காரணங்கள் விடியல் நேரத்து ஹார்மோன்கள், போதாத மருந்து, தாமதமான இரவுச் சாப்பாடு. விடியல் ஏற்றத்தை மட்டும் பிரித்து அளந்த மோன்பெலியேயின் லூயி மோனியே குழு, இன்சுலின் எடுக்காத இரண்டாம் வகை நோயாளிகளிடம் அது ஹெச்பிஏ1சியில் கூட்டும் அளவு சுமார் 0.4 விழுக்காடு என்று 2013இல் கணக்கிட்டது.

ஆகவே இரவுத் தாழ்சர்க்கரைக்கு நாம் சந்தேகப்பட வேண்டியவர் 164 காட்டுபவரைவிட 88 காட்டுபவர்தான். "ரொம்ப நல்லா இருக்கு, இதே மாதிரி வச்சுக்கோங்க" என்று நாம் பாராட்டி அனுப்புகிறோமே, அவர். எழுபது வயது, கிரியேட்டினின் 1.6, சல்ஃபோனைல்யூரியா மாத்திரை, ராத்திரிக்கு இரண்டு இட்லி, ஹெச்பிஏ1சி 6.2 என்று ஒருவர் வந்து நின்றால் அந்த 6.2 மகிழ்ச்சிக்குரிய எண் அல்ல.

மெட்ஃபார்மின், கிளிப்டின், கிளிஃப்ளோசின் மட்டும் எடுப்பவருக்கு இரவில் சர்க்கரை தாழ்வது அரிது. அவரை மூன்று மணிக்கு எழுப்பி விரலில் குத்தச் சொல்வதில் பயனில்லை. சல்ஃபோனைல்யூரியாவும் இன்சுலினும் எடுப்பவர்கள்தான் நம் கவனத்துக்கு உரியவர்கள். கிளிபென்கிளமைடு அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்றதல்ல என்று உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே குறிப்பிட்டிருக்கிறது. இருந்தும் பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 30/70 கலவை இன்சுலினில் உள்ள நெடுநேரப் பகுதி, போட்ட நான்கிலிருந்து பத்து மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகிறது. எட்டு மணிக்கு ஊசி போட்டால் நள்ளிரவு முதல் விடியல் வரை என்று கணக்காகிறது. வயிற்றில் இருப்பது கிருத்திகை விரதத்துப் பாலும் பழமும் என்றால் மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்சுலின் போடுபவரின் சிரிஞ்சையும் மருந்துப் புட்டியையும் ஒருமுறை கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் புட்டி மில்லிலிட்டருக்கு 40 யூனிட். அதற்கு உரியது சிவப்பு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் புட்டியிலிருந்து சிவப்பு மூடியில் "20" வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50. மருந்துக்கடையில் "இதுதாம்மா இருக்கு" என்று கொடுத்ததை வாங்கிப் போகும் வீட்டில் இது நடக்க ஒரு நொடி போதும். அப்படியே சட்டையைத் தூக்கச் சொல்லி வயிற்றையும் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தடித்துப்போன கொழுப்பில் போட்ட மருந்து எப்போது ரத்தத்தில் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் ஆகும். செலவு எதுவும் இல்லை.

இரவில் சர்க்கரை தாழ்ந்தால் காலையில் தலை வலிக்குமா? வலிக்கும் என்று நோயாளிக் கையேடுகள் எல்லாம் எழுதுகின்றன. நனைந்த தலையணை, கெட்ட கனவு, எழும்போது குழப்பம் ஆகியவற்றோடு அது ஒரு குறியாக நிற்கவும் செய்கிறது. ஆனால் பன்னாட்டுத் தலைவலிச் சங்கத்தின் மூன்றாம் வகைப்பாடு இங்கே எச்சரிக்கையாக இருக்கிறது. பட்டினித் தலைவலி என்ற வகையை அது ஏற்கிறது. அதற்குச் சர்க்கரைத் தாழ்வுதான் காரணம் என்று ஏற்கவில்லை. தாழ்வே இல்லாமல் பட்டினித் தலைவலி வருகிறது, ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையைத் தாழ்த்தியபோது தலைவலி வரவில்லை என்று இரண்டு சான்றுகளை முன்வைக்கிறது. எனவே வியர்வையும் கனவும் இல்லாத வெறும் தலைவலியை மட்டும் வைத்துத் தாழ்சர்க்கரை என்று முடிவு கட்டி மருந்தைக் குறைப்பதும் அதே அவசரம்தான். பீட்டா தடுப்பான் எடுப்பவருக்குப் படபடப்பும் நடுக்கமும் மறைந்துபோகும், வியர்வை மட்டும் நிற்கும் என்பதையும் நினைவில் கொள்க.

ஊகத்தை விட்டு அளக்க வேண்டும். படுக்கும்முன், இரவு மூன்று மணிக்கு, எழுந்ததும்: இப்படி மூன்று இரவுகள், தொடர்ச்சியாக இல்லாமல் ஒரு வாரத்துக்குள். ஒன்று விரத நாளாகவோ வெளியில் சாப்பிட்ட நாளாகவோ இருந்தால் இன்னும் நல்லது. 70க்குக் கீழே போனால் எச்சரிக்கை; 54க்குக் கீழே என்றால் அன்றே மருந்தை மாற்ற வேண்டும். வீட்டுக் கருவிக்கு வரம்பு உண்டு. 2013ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ தரப்படி, 100க்குக் கீழான அளவுகளில் கருவி 15 மில்லிகிராம் கூடவோ குறையவோ காட்டலாம். திரையில் 72 என்றால் உண்மை 57ஆகவும் இருக்கலாம், 87ஆகவும் இருக்கலாம். ரத்தசோகை உள்ளவரிடம் பல கருவிகள் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவு ஹெச்பிஏ1சியையும் உயர்த்திக் காட்டும். நம் பெண் நோயாளிகளில் இரண்டும் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தபடியே அடுப்பு மேடையில் வைத்திருந்தாலும், மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினாலும் வரும் எண்ணை நம்பி எதையும் எழுதக்கூடாது.

செலவு தாங்குபவருக்குப் பதினான்கு நாள் சென்சார் ஒன்றை ஒட்டிவிட்டால் தூக்கம் கெடாமல் இரவு முழுதும் தெரிந்துவிடும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. சென்சார் ஒட்டிய கையை அழுத்தி ஒருக்களித்துப் படுத்தால், அந்த இடத்துத் திசுநீரில் சர்க்கரை குறைந்து, இல்லாத தாழ்வு ஒன்று வரைபடத்தில் விழும். செங்குத்தாக இறங்கி, புரண்டு படுத்ததும் செங்குத்தாக ஏறும் பள்ளம் அது. அதைப் பார்த்து மருந்தைக் குறைக்கும்முன் ஒரு இரவாவது விரலில் குத்திச் சரிபார்க்க வேண்டும்.

இத்தனையும் செய்து இரவுச் சர்க்கரை 130க்கும் 170க்கும் நடுவே அமைதியாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைவலி இன்னும் இருக்கிறது. இங்கேதான் நாம் தொண்டையைப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

அமெரிக்காவில் உடல் பருமன் உள்ள இரண்டாம் வகை நோயாளிகள் 306 பேரை வைத்துச் செய்த ஸ்லீப் அஹெட் ஆய்வு 2009இல் வெளியானது. அதில் 86 விழுக்காட்டினருக்கு உறக்க மூச்சடைப்பு இருந்தது. அந்த எண்ணை அப்படியே நம் நோயாளிகளுக்குப் பொருத்த முடியாது. ஆனால் நம்மவர்களுக்கு எடை கூடாமலே, தாடை அமைப்பினாலும் கழுத்துக் கொழுப்பினாலும் இது வருகிறது என்பதால் ஒல்லியானவரை விட்டுவிடவும் முடியாது. இரு நீரிழிவு வல்லுநர்கள் சந்தித்தால் சிறுநீரில் கசியும் அல்புமினைப் பற்றி அரை மணி நேரம் பேசுவோம், குறட்டையைப் பற்றி ஒரு வார்த்தை வராது. மூச்சடைப்புக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லிப் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2008இலேயே அறிக்கை விட்டது.

மூச்சடைப்புத் தலைவலிக்கு அடையாளங்கள் தெளிவானவை. தலையின் இரு பக்கமும் அழுத்தும், குமட்டலோ ஒளிக்கூச்சமோ இருக்காது, மாதத்தில் பாதி நாளுக்கு மேல் வரும், எழுந்த நான்கு மணி நேரத்துக்குள் தானாகப் போய்விடும். முதல் பத்தியில் வந்தவர் சொன்னதை மறுபடி படித்துப் பாருங்கள். மூச்சு அடைபட்டு ஆக்சிஜன் இறங்கும் ஒவ்வொரு தடவையும் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. இன்சுலினுக்கு உடல் பணிவது குறைகிறது. காலைச் சர்க்கரையும் காலை ரத்த அழுத்தமும் ஏறுகின்றன. தலைவலி, 164 இரண்டையும் ஒரே தொண்டை தந்திருக்கலாம். அவருக்கு நாம் கூட்டிய கிளிமெபிரைடு அந்தத் தொண்டைக்கு ஒன்றும் செய்யாது. விரத நாளில் மட்டும் தன் வேலையைக் காட்டும்.

கேள்வியை நோயாளியிடம் கேட்டால் "குறட்டையா, அதெல்லாம் இல்லையே" என்பார். உடன் வந்தவரைக் கேட்க வேண்டும். "அவரு பக்கத்துல படுக்கவே முடியாது சார், நானும் புள்ளையும் ஹால்லதான் படுக்கறோம், திடீர்னு சத்தம் நின்னுடும், பயந்து எந்திரிச்சுப் பாப்பேன்" என்று மனைவி சொல்லும் ஒரு வாக்கியம், டொரண்டோவில் 2008இல் உருவான ஸ்டாப்-பேங் கேள்விப் பட்டியலில் பாதியை நிரப்பிவிடும். மனைவிக்குக் குறட்டை என்றால் கணவர் தானாகச் சொல்வது அரிது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் நாமே கேட்க வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் மருந்தோடு வீட்டுக்கே போகிறார்கள். யார் எங்கே படுக்கிறார்கள் என்பது நம் அறையைவிட அந்தத் திண்ணையில் சுலபமாகத் தெரியும். குறட்டைக் கேள்வியை அவர்கள் படிவத்தில் ஒரு வரியாகச் சேர்க்கலாம் என்பது எங்கள் யோசனை.

மூச்சடைப்பு உறுதியானால் சீபேப் கருவி தலைவலியைப் பெரும்பாலும் போக்கிவிடும். ஹெச்பிஏ1சியும் இறங்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஆய்வு முடிவுகள் இருவிதமாகவும் இருக்கின்றன. 2024 டிசம்பரில் அமெரிக்க எஃப்டிஏ, உடல் பருமனோடு கூடிய மிதமான, தீவிரமான மூச்சடைப்புக்கு டிர்செபடைடை அனுமதித்தது. அதன் விலை தாங்காதவருக்கு எடைக் குறைப்பும், இரவுக் குடியை விடுவதும், மல்லாந்து படுக்காமல் இருப்பதும் இன்றும் கையில் உள்ள மருந்துகள். குடி வேறு விதத்திலும் கணக்கில் வருகிறது: கல்லீரல் சர்க்கரை தயாரிப்பதை அது தடுப்பதால், சல்ஃபோனைல்யூரியா எடுப்பவர் சாப்பிடாமல் குடித்துவிட்டுப் படுத்தால் விடியலில் சர்க்கரை தாழலாம்.

காலைத் தலைவலிக்கான மற்ற காரணங்கள் சீக்கிரம் முடிபவை. மாதத்தில் பதினைந்து நாள் பாராசிட்டமால், அல்லது பத்து நாள் கூட்டு வலிமாத்திரை என்று மூன்று மாதத்துக்கு மேல் போனால் அந்த மாத்திரையே காலைத் தலைவலியைக் கொண்டுவரும். டைக்ளோஃபெனாக் என்றால் சிறுநீரகமும் சேர்ந்து கணக்குக் கேட்கும். நைட்ரேட், அம்லோடிபின் புதிதாகத் தொடங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். 150/90 அழுத்தத்தின் மேல் தலைவலிப் பழியைப் போடாதீர்கள். 180/120 வரை அது பொதுவாக வாய் திறப்பதில்லை. வெறும் வயிற்றுப் பரிசோதனைக்காக ஆறு மணிக்கே வந்து, வரிசையில் ஒன்பது மணி வரை காபி இல்லாமல் உட்கார்ந்திருப்பவரின் தலைவலிக்கு மருந்துச் சீட்டே தேவையில்லை.

ஐம்பதைக் கடந்தவருக்குப் புதிதாக வந்து வாரத்துக்கு வாரம் கூடும் தலைவலி, வாந்தியோடு வருவது, மெல்லும்போது தாடை வலிப்பது, பார்வை மங்குவது ஆகியவற்றைச் சர்க்கரைப் புத்தகத்தின் கணக்கில் எழுதக்கூடாது. ஈஎஸ்ஆரும் ஸ்கேனும் அன்றே. ஆண்டுக்கொரு முறை விழித்திரைப் பரிசோதனைக்கு எப்படியும் அனுப்புகிறோம். சீட்டில் "காலைத் தலைவலி, பார்வை நரம்பு வட்டில் வீக்கம் உள்ளதா" என்று ஒரு வரி சேர்த்தால் கண் மருத்துவர் அதையும் பார்த்து எழுதி அனுப்புவார்.