காணி இல்லாத சனத்திடம் உறுதி கேட்கும் வங்கி

“வீட்டுக்கடன் இப்ப யாருக்கும் கிடைக்கும்தானே?” கென்டீனில் நண்பர் ஒருவர் கேட்டார். மேசையில் இருந்த எங்களில் மூன்று பேர் சிரித்துவிட்டோம். மூன்று பேரும் லயத்தில் பிறந்தவர்கள்.

எங்களில் ஒருத்தியின் அம்மா இருபத்தாறு வருசமாகக் கொழுந்து பறிக்கிறார். சம்பளச் சீட்டு இருக்கு, சேமலாப நிதி இருக்கு. டவுனில் ஒரு வங்கிக்குப் போனார். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். காணி உறுதியும், அரச வேலையில் உள்ள இரண்டு பிணையாளிகளும் வேண்டும் என்றார். அம்மா நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறினார். அவருக்குத் தெரிந்த அரச உத்தியோகத்தர் கிராம சேவகர் ஒருவர்தான்!

உறுதி இல்லாதது அம்மாவின் கவலையீனமா? 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். எழுபதுகளில் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளுக்குக் கொடுத்தது. இத்தனை கைமாறியும், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் தலைமுறையாய் வாழும் சனத்தின் பெயருக்கு அந்த மண் எழுதப்படவில்லை. ஏழு பேர்ச் காணியோடு தனிவீடு என்று மேடை மேடையாய்ச் சொன்னார்கள். கட்டிய வீட்டில் குடியேறியும் உறுதி கைக்கு வராதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரசு கொடுக்காத தாளை வங்கி கேட்கிறது. பழி மட்டும் அம்மாவின் தலையில்.

“வங்கி என்ன தர்மசாலையா? திருப்பிக் கட்டாவிட்டால்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இதே பெண்களைத் தேடி நுண்கடன்காரர் லயத்து வாசலுக்கே வந்தார்களே! உறுதி கேட்கவில்லை, வட்டியைத்தான் கேட்டார்கள். ஆண்டுக்கு 35 வீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2018இல் மத்திய வங்கியே வரம்பு போட வேண்டி வந்தது. அந்த வட்டியையும் தோட்டை அடகு வைத்து, இன்னொரு இடத்தில் கடன் பட்டுக் கட்டியவர்கள் எங்கட அம்மாமார். இவர்களா கட்டாத சனம்? உறுதி உள்ளவனுக்கு மலிவான கடன், இல்லாதவளுக்கு விலை கூடிய கடன். இதுக்குப் பெயர் ஆபத்துக் கணக்கு இல்லை, அநியாயம்.

வட்டியைக் குறைக்கிறோம், புதுக் கடன் திட்டம் கொண்டுவருகிறோம் என்று இனியும் சொல்ல வேண்டாம். காணி இல்லாமல் அந்தக் கடனை வாங்கி எங்கே அத்திவாரம் போடுவது? சேமலாப நிதி மீதியை ஈடாகக் காட்டி வீட்டுக்கடன் எடுக்க நாட்டில் ஏற்கெனவே வழி இருக்கு. அதுவும் கட்ட நிலம் உள்ளவருக்குத்தானே பயன்படும்?

நாங்கள் கேட்பது மூன்றே மூன்று. முதலில் காணி உறுதி, அதில் பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும். இரண்டாவது, வருசக்கணக்கான சேமலாப நிதியையும் ஒழுங்காகக் கட்டிய தவணைகளையும் பிணையாக ஏற்க வேண்டும். மூன்றாவது, அரச உத்தியோகத்தர் கையெழுத்து என்ற நிபந்தனையை எடுக்க வேண்டும்.

அம்மாவுக்கு ஓய்வுபெற இன்னும் சில வருசம்தான். வேலையை விட்டால் காம்பராவையும் விடச் சொல்வார்களோ என்ற பயம் இப்பவே தொடங்கிவிட்டது. அதற்கு முன் ஒரு கதவாவது அவர் பெயரில் திறக்க வேண்டும்.